‘வீட்டில் நான்கு பேர் இருந்தார்கள்’: எனக்குப் பிடித்த ஒரு வரி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போர்க்காலச் சென்னையை வைத்து நான் எழுதிய த்ரில்லரைப் படித்தவர்கள் கூட்டங்களிலும் கடிதங்களிலும் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றைத்தான்: உங்களுக்குப் பிடித்த வரி எது? பதில் சொன்னவுடன் அடுத்த கேள்வி வரும். பெரும்பாலும் அது ஏமாந்துபோன குரலில் வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதைவிட எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்துவிடலாம் என்று இதைத் தொகுத்தேன்.

ஒரு எச்சரிக்கை. “நான்கு என்பது அச்சுப்பிழைதானே?” என்ற கேள்வியிலிருந்து கதையின் முடிச்சு அவிழத் தொடங்குகிறது. நாவலை இனிமேல் படிக்க நினைப்பவர்கள் அதற்கு முன்பே நிறுத்திக்கொள்ளலாம்.

நான் இன்னும் நாவலைப் படிக்கவில்லை. கதை என்ன?

1942 ஏப்ரல். திருவல்லிக்கேணியில் ஒரு பழைய வீடு. அதில் பாட்டி, தந்தி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கும் மாமா, பதினோரு வயதுச் சிறுமி. சிறுமிக்கு அம்மா இல்லை. அப்பா ரங்கூனுக்கு வேலைக்குப் போனவர். அந்த நகரம் ஜப்பானியர் வசம் போன பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. துறைமுகத்திலிருந்து கிளம்பும் சரக்குக் கப்பல்களின் விவரத்தை யாரோ வெளியே சொல்கிறார்கள் என்று போலீஸ் சந்தேகப்படுகிறது. அந்தச் சந்தேகம் மெல்ல மெல்லத் தந்தி அலுவலகத்தின் பக்கம் நகர்கிறது. கதையைச் சொல்பவள் அந்தச் சிறுமிதான். ஆனால் சொல்லும்போது அவளுக்கு எண்பது வயது கடந்துவிட்டது.

சரி, உங்களுக்குப் பிடித்த வரி எது?

“விளக்கை அணைத்தபோது வீட்டில் நான்கு பேர் இருந்தார்கள்.”

ஏழாம் அத்தியாயத்தின் கடைசி வரி. சைரன் ஊதுகிறது, மாமா எழுந்து கூடத்து விளக்கை அணைக்கிறார், சிறுமி இதைச் சொல்கிறாள், அத்தியாயம் முடிகிறது.

இதுதானா? இவ்வளவு சாதாரணமான வரியா?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கமே. ஆம், சாதாரணமான வரிதான். உவமை இல்லை, தத்துவம் இல்லை, அழகான சொல் என்று அடிக்கோடிட ஒன்றும் இல்லை. ஒரு குழந்தை வீட்டில் இருப்பவர்களை எண்ணிச் சொல்கிறது, அவ்வளவுதான்.

எனக்கு அது பிடித்திருப்பதற்குக் காரணம் அது செய்யும் வேலை. நாவலில் அதற்கு முன்னால் உள்ள நூறு பக்கங்களில் ஒரு ரகசியம் ஒளிந்திருக்கிறது. பின்னால் உள்ள பக்கங்கள் முழுவதும் அந்த ரகசியத்தின் விளைவு. இரண்டுக்கும் நடுவில் கதவு மாதிரி நிற்பது இந்த ஒரு வரி. அதை நீக்கினால் எட்டாம் அத்தியாயம் எனக்குப் பொய்யாகிவிடும். அழகான பல வரிகளை நீக்கினாலோ நாவலுக்கு ஒன்றும் ஆகாது. சில இடங்களில் நாவல் சற்று மேம்படவும் கூடும்.

எல்லோரும் பகிர்வது வேறொரு வரியை அல்லவா? அது உங்களுக்குப் பிடிக்காதா?

அந்த வரி இது: “ஊர் காலியாகும்போது தங்கிவிடுகிறவர்கள் எல்லாரும் தைரியசாலிகள் அல்லர், பலருக்குப் போக ஊர் இல்லை.” பூப்படத்தின் மேலும், கடற்கரைப் படத்தின் மேலும், ஒருமுறை ஒரு ரயிலின் மேலும் இதைப் பார்த்திருக்கிறேன்.

பிடிக்காது என்று சொல்ல மாட்டேன். சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அது வாடகைப் பந்தல் சாமான். எந்த வீட்டு வாசலிலும் கொண்டுபோய் நடலாம். அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. நாவலில் இதைச் சொல்பவர் ஒரு வீட்டுத் தரகர். பயந்து ஓடுகிறவர்களிடம் வீடுகளை அடிமாட்டு விலைக்கு வாங்கிச் சேர்க்கும் ஆள். பாட்டியை விற்கச் சம்மதிக்க வைப்பதற்காக, அவள் மேல் இரக்கப்படுவது போல இதைச் சொல்கிறார். “உங்களுக்குப் போக ஊர் இல்லை, எனக்குத் தெரியும்” என்பது அதன் உள்ளர்த்தம். அது மிரட்டல். படத்தின் மேல் ஏறியதும் மிரட்டல் போய்விடுகிறது, என் பெயர் மட்டும் கீழே ஒட்டிக்கொள்கிறது. ஒரு அயோக்கியனின் வாய்ச்சொல்லை என் வாழ்க்கைத் தரிசனமாகப் படிக்கிறார்கள். எனக்குள்ள வருத்தம் அதுதான்.

போர்க்கால நாவல் என்கிறீர்கள். அந்த வரியில் போரே இல்லையே?

போர் இல்லாமல் அந்த விளக்கை யார் அணைப்பார்கள்?

அந்த இரவு 1942 ஏப்ரல் 7, செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தைய வாரங்களைப் பாருங்கள். பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது. மார்ச் 8 அன்று ரங்கூன் விழுந்தது. மார்ச் 23 அன்று ஜப்பானியர் அந்தமானில் இறங்கினார்கள். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில், விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அந்த நாட்களிலேயே வங்காள விரிகுடாவில் ஜப்பானியக் கடற்படை சரக்குக் கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்துக்கொண்டிருந்தது. தெற்கே கொழும்பு, வடக்கே விசாகப்பட்டினம், நடுவில் சென்னை. செவ்வாய்க்கிழமை இரவு சைரன் கேட்டால் ஒரு பதினோரு வயதுச் சிறுமி என்ன நினைப்பாள்? அவள் பயந்தாள் என்று நான் எழுதவில்லை. அவள் எண்ணுகிறாள். பயந்த குழந்தைகள் எண்ணுவார்கள்.

சென்னையில் அப்போது குண்டு விழவே இல்லை. பிறகு என்ன த்ரில்லர்?

விழவில்லை, உண்மைதான். 1942இல் சென்னை தப்பித்தது. 1943 அக்டோபரில் ஒற்றை ஜப்பானிய விமானம் வந்து சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனதோடு சரி. ஆனால் ஏப்ரல் 1942இல் இருந்தவர்களுக்கு அது தெரியாது. ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் அரசாங்கம், நகரத்தில் இருந்தே ஆகவேண்டிய அவசியம் இல்லாதவர்கள் வெளியேறலாம் என்று அறிவித்தது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. 1941 கணக்கெடுப்பின்படி ஏழே முக்கால் லட்சம் பேர் வாழ்ந்த நகரம் அது. லட்சக்கணக்கில் ஜனங்கள் கிளம்பிவிட்டார்கள். எழும்பூரிலும் சென்ட்ரலிலும் நெரிசல். மூர் மார்க்கெட்டை ஒட்டியிருந்த மிருகக்காட்சி சாலையில், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடுமே என்று, கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். வராத குண்டுக்காகச் செத்த சிங்கங்கள். குண்டு விழுவதைவிட விழப்போகிறது என்ற நினைப்புதான் த்ரில்லருக்கு நல்ல தீனி என்பது என் எண்ணம்.

பாட்டி ஏன் கிளம்பவில்லை என்பதும் இங்கேதான் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் கப்பல் சென்னையைச் சுட்டு எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியதைப் பார்த்தவள் அவள். அப்போது பயந்து ஓடி, திரும்பி வந்தபோது வீட்டில் பாத்திரம் பண்டம் ஒன்றும் இல்லை. “போன தடவை ஜெர்மன்காரன் ஒன்றும் எடுக்கவில்லை, எடுத்தவன் எல்லாம் நம் தெருக்காரன்” என்பாள். அவள் தங்கியதற்கு அதைவிட வலுவான இன்னொரு காரணமும் உண்டு. அது எச்சரிக்கைக் கோட்டுக்கு அப்பால்.

விளக்கை அணைப்பது அவ்வளவு பெரிய விஷயமா அந்தக் காலத்தில்?

பெரிய விஷயம். இருட்டடிப்பு நேரத்தில் சன்னல் இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் ஏ.ஆர்.பி. (விமானத் தாக்குதல் முன்னெச்சரிக்கை) வார்டன் வந்து கதவைத் தட்டுவார். தெரு விளக்குகளுக்கு முகமூடி, மோட்டார் விளக்குகளுக்கு மறைப்பு, சன்னல் கண்ணாடிகளில் காகிதப் பட்டை. என் நாவலில் கூடத்தில் ஒரே ஒரு மின்விளக்கு, அதைச் சுற்றிக் கறுப்புக் காகிதக் கூம்பு. சமையலறையில் சிம்னி விளக்கு. மாமா அணைப்பது கூடத்து விளக்கை. சிம்னி அதற்கு முன்பே அணைந்திருக்கிறது. அதை அணைத்தது யார் என்று அத்தியாயத்தில் சொல்லப்படவில்லை என்பதைச் சிலர் கவனித்திருக்கிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம்.

அன்றைக்கு நிலா இருந்திருக்குமே? அவ்வளவு இருட்டு எப்படி?

பஞ்சாங்கம் பார்த்துத்தான் எழுதினேன். பௌர்ணமி ஏப்ரல் முதல் தேதியே முடிந்துவிட்டது. ஏழாம் தேதி தேய்பிறை, பாதி நிலா. அதுவும் நள்ளிரவை ஒட்டித்தான் எழும். என் காட்சி இரவு ஒன்பது மணிக்கு நடக்கிறது. நல்ல இருட்டு. விளக்கு மீண்டும் எரியும் வரை முற்றத்தில்கூட வெளிச்சம் விழாது. எனக்கு அது தேவைப்பட்டது.

இதே வரிசையில் இன்னொன்றும் கேட்கிறார்கள்: போர்க்காலக் கதையில் ஓட்டைக் காலணா ஏன் வரவில்லை? நடுவில் துளை போட்ட அந்தக் காசின் வழியாகச் சிறுமி விளக்கைப் பார்ப்பதாக ஒரு வரி எழுத எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் அந்தக் காசு 1943இல்தான் வந்தது. ஏப்ரல் 1942இல் காலணா முழுக் காசு. அதேபோல, போருக்காகக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னால் வைத்தது 1942 செப்டம்பரில். என் பாத்திரங்களின் ஒன்பது மணி பழைய ஒன்பது மணிதான்.

நான்கு என்பது அச்சுப்பிழைதானே? மூன்று பேர்தானே வீட்டில்?

(எச்சரிக்கைக் கோடு இதுதான்.)

அச்சுப்பிழை இல்லை. அதிகமாக வரும் கடிதம் இந்தக் கேள்வியோடுதான் வருகிறது. சிலர் பக்க எண்ணைக் குறிப்பிட்டு, அடுத்த பதிப்பில் திருத்தும்படி அன்போடு சொல்கிறார்கள். மெய்ப்புத் திருத்தியவரும் ‘நான்கு’ என்பதை அடித்து ‘மூன்று’ என்று எழுதி அனுப்பினார். நான் ‘அப்படியே இருக்கட்டும்’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினேன். தாளைப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சிதான். தொழிலே கவனிப்பதாக உள்ள ஒருவர் அதைப் பிழை என்று நினைத்தால் வரி சரியான இடத்தில் இருக்கிறது என்று பொருள்.

நான்காவது ஆள் சிறுமியின் அப்பா. சமையலறைக்கு மேலே பரணில் இருக்கிறார். ரங்கூனில் ஒரு கப்பல் கம்பெனியின் வயர்லெஸ் பிரிவில் இருந்தவர். பர்மாவிலிருந்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் வழியாகவும் மலை வழியாகவும் தப்பி வந்தார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். அவர் அரக்கான் கரை வழியாக நடந்து, சிட்டகாங் சேர்ந்து, அங்கிருந்து கல்கத்தா, பிறகு சென்னை. அனுமதியின்றி வேலையை விட்டு வந்தவர் என்பதாலும், வயர்லெஸ் தெரிந்தவர் என்பதாலும் போலீஸ் அவரைத் தேடுகிறது. இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் விசாரணையே இல்லாமல் உள்ளே வைத்துவிடலாம். ஆகவே பாட்டி அவரைப் பரணில் வைத்திருக்கிறாள். பாட்டி ஊரை விட்டுக் கிளம்பாததற்கு நான் மேலே சொல்லாமல் விட்ட காரணம் இதுதான்.

அப்படியானால் இது வாசகரை ஏமாற்றுவது ஆகாதா?

ஏமாற்றியிருந்தால் ‘மூன்று’ என்று எழுதியிருப்பேன். வரியில் உள்ள கணக்கு சரி. வாசகருக்கு அது தவறாகத் தோன்றுகிறது, ஏனென்றால் அவர் கையில் உள்ள கணக்கு குறைந்தது. இரண்டும் வேறு. துப்பறியும் கதையில் எழுத்தாளர் தகவலை மறைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எல்லாவற்றையும் மேசை மேல் வைத்துவிட வேண்டும், வெளிச்சத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பலாம்.

சிறுமியும் மறைக்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள். அவளுக்கு அப்பா வந்தது தெரியும், சோறு கொண்டுபோய்க் கொடுப்பதே அவள்தான். யாரிடமும் சொல்லக்கூடாது என்று பாட்டி சத்தியம் வாங்கியிருக்கிறாள். அவள் சத்தியத்தை மீறவில்லை. பெயர் சொல்லவில்லை, இடம் சொல்லவில்லை. ஆனால் எண்ணும்போது அவளால் அப்பாவை விட்டுவிட முடியவில்லை. எனக்கு இந்த வரி பிடித்ததற்கு மேலே ஒரு காரணம் சொன்னேன், கதை அதன் மேல் நிற்கிறது என்று. அது எழுத்தாளனின் காரணம். இது இன்னொன்று.

கவனமாகப் படித்தால் முன்பே கண்டுபிடித்திருக்கலாமா?

அரிசிப் பானையைப் பாருங்கள். ரங்கூன் விழுந்ததும் பர்மா அரிசி நின்றுபோனது. சென்னை மாகாணம் அதை நம்பியிருந்தது, விலை ஏறத் தொடங்கியது. மாதம் முடிவதற்குள் பானை காலியாகிவிடுவதற்குப் பாட்டி சொல்லும் சாக்கு அதுதான்: “ரங்கூன் அரிசி வரவில்லையே, குறைத்துத்தான் வாங்கினேன்.” மாமா நம்புகிறார், வாசகரும் நம்புகிறார். உண்மையில் வராமல் போனது ரங்கூன் அரிசி, வந்து சேர்ந்தது ரங்கூன் வயிறு. நாவலில் எனக்கு நானே சிரித்துக்கொண்டு எழுதிய ஒரே இடம்.

எட்டாம் அத்தியாயத்தில் அதே வரி திரும்ப வருகிறதே, ஏன்?

அதே வரி இல்லை. “விளக்கை ஏற்றியபோதும் வீட்டில் நான்கு பேர் இருந்தார்கள்” என்று வரும். அதன் பிறகு சிறுமி அவர்களைச் சொல்கிறாள்: பாட்டி, நான், அப்பா, வார்டன்.

முதல் தடவை ‘நான்கு’ என்று படித்துப் பிழை என்று நினைத்தவருக்கு இங்கே விடை கிடைத்துவிடுகிறது. பரணிலிருந்து இறங்கிய அப்பா, எதிரே அவரைப் பிடித்துக் கொடுக்கக்கூடிய வார்டன். வாசகரின் கண் முழுவதும் இந்த இரண்டு பேர் மேல். பாட்டி ஒரு வார்த்தை பேசுவதற்குள் இரண்டு பக்கம் ஓடிவிடும். அதற்குப் பிறகுதான் யாரோ கேட்கிறார்கள்: மாமா எங்கே?

எண்ணிக்கை மாறாமல் இருந்ததால் ஆள் மாறியது தெரியவில்லை. முதல் வரியை நான் ஏன் இவ்வளவு சாதாரணமாக வைத்தேன் என்பது இப்போது புரிந்திருக்கும். அது அலங்காரமாக இருந்தால் வாசகர் அதை நினைவில் வைத்து, இரண்டாவது வரியோடு ஒப்பிட்டு, பட்டியலைச் சரிபார்த்திருப்பார். எண்ணிக்கையை மட்டும் நினைவில் வைத்தார். எனக்கு அது போதும்.

மாமா தந்திக்காரர். மோர்ஸ் ஓசையைக் காதால் கேட்டே எழுதுகிறவர். தலைக்கு மேல் ஒரு ஆள் இருப்பது அவருக்கு எப்படிக் கேட்காமல் போகும்?

நல்ல கேள்வி. ஒரு முன்னாள் தந்தி ஊழியரே இதைக் கேட்டிருந்தார். நான் பேசிப் பார்த்த பழைய தந்திக்காரர்கள் சொன்னது வேறு விதம். ஒரே அறையில் பல கருவிகள் தட்டிக்கொண்டிருக்கும். தன் கருவியின் ஓசையை மட்டும் கேட்டு, பக்கத்துக் கருவிகளை அடியோடு கேட்காமல் இருக்கப் பழகுவதே அந்த வேலை. மாமாவின் காது கூர்மையான காது என்பதைவிட விட்டுவிடத் தெரிந்த காது என்பதுதான் பொருத்தம். இப்படி வைத்துத்தான் எழுதினேன்.

ஆனால் ஒரு வாசகி இதை ஒப்புக்கொள்ளவில்லை. மாமாவுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்கிறார். ஆதாரமாக ஐந்தாம் அத்தியாயத்தைக் காட்டுகிறார். அங்கே மாமா பசியில்லை என்று சொல்லிப் பாதிச் சோற்றோடு எழுந்துவிடுகிறார், அப்படி இரண்டு இரவு. நான் அதை அலுவலகக் கவலை என்று எழுதினேன். அவரோ, பரணில் இருக்கும் மைத்துனருக்கு விட்டு வைக்கிறார் என்று படிக்கிறார். அப்படிப் படித்தால் வரியில் உள்ள நான்கு பேரில் நான்கு பேருக்கும் விஷயம் தெரியும். தெரியாதவர் வாசகர் ஒருவர்தான். என் வாசிப்பைவிட இது கொஞ்சம் மேல் என்று தோன்றுகிறது. நாவலில் இதை மறுக்கும் இடம் எதுவும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

மாமாதான் கப்பல் விவரத்தை விற்றவரா?

சொல்ல மாட்டேன். எச்சரிக்கைக் கோட்டுக்கும் ஒரு எல்லை உண்டு.

இந்த வரி எழுதும்போதே இதுதான் என்று தெரிந்ததா?

இல்லை. முதல் எழுத்தில் இது அத்தியாயத்தின் நடுவில் கிடந்தது. அதற்குப் பிறகு சைரனின் ஓசை, தெருவில் ஓடும் கால்கள், நாய்கள், தூரத்தில் கடல் என்று ஒரு பத்தி முழுக்க இருந்தது. நன்றாகவே வந்திருந்த பத்தி. அத்தியாயத்தைச் சத்தமாகப் படித்துப் பார்த்தபோது எண்ணிக்கைக்குப் பிறகு வந்தது எல்லாம் எனக்கே சலிப்பாக இருந்தது. பத்தியை எடுத்துவிட்டேன், வரி தானாகக் கடைசிக்கு வந்து நின்றது. கடைசி வரி என்றால் பிறகு வெள்ளைத் தாள். அத்தனை சத்தத்தையும் அந்த வெள்ளைத் தாளே செய்துவிடுகிறது.

நானும் எழுதுகிறேன். என் கதையில் எனக்குப் பிடித்த வரியை எப்படித் தேர்ந்தெடுப்பது? பேட்டியில் கேட்டால் என்ன சொல்வது?

பேட்டிக்கு என்றால் அழகான வரியைச் சொல்லிவிடுங்கள். கேட்பவருக்கும் அதுதான் வேண்டும், நேரமும் மிச்சம். உங்களுக்காகத் தேடுவதானால், எந்த வரியை எடுத்தால் பின்னால் உள்ள பக்கம் சரியும் என்று பாருங்கள். பிறகு அதை மேடையில் படிப்பதாக நினைத்துப் பாருங்கள். கைதட்டல் வரும் என்று தோன்றினால் அநேகமாக அது வேறு வரி. இது எல்லா வகை எழுத்துக்கும் பொருந்தும் என்று சொல்லவில்லை. கவிதைக்கு நிச்சயமாகப் பொருந்தாது. த்ரில்லருக்குப் பொருந்தும்.

இந்த வரியைப் படமாகப் போட்டுப் பகிரலாமா?

தாராளமாக. ஆனால் தனியாகப் பார்ப்பவருக்கு அது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மாதிரி இருக்கும். ஒரு நண்பர் போட்டுப் பார்த்தார். “சரி, அதற்கென்ன?” என்று ஒரே ஒரு பதில் வந்ததாம்.

சிறுமி இதை எண்பது வயதில்தானே சொல்கிறாள்? அவள் எண்ணிக்கையை எப்படி நம்புவது?

நம்பாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. நாவலில் அவள் பல விஷயங்களை மறந்துவிட்டதாக ஒப்புக்கொள்கிறாள்: தெருவின் பெயர்ப்பலகை நிறம், மாமாவின் சைக்கிள், சைரன் எத்தனை முறை ஊதியது. தேதிகளைக்கூடப் பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டவை என்கிறாள். தலைகளின் எண்ணிக்கையில் மட்டும் அவளுக்கு எங்கும் தயக்கம் இல்லை. அதன் காரணம் இரண்டாம் அத்தியாயத்தில் வருகிறது: தினமும் அரிசி அளப்பது அவள் வேலை. ஆளுக்கு இவ்வளவு என்று பாட்டி கற்றுக்கொடுத்த கணக்கு. ஒருவரை விட்டால் ஒருவருக்குச் சோறு இல்லை.

அப்படியே நான்கு பேர் என்று வைத்துக்கொண்டாலும், விளக்கை அணைத்தபோது வார்டன் திண்ணையில் உட்கார்ந்திருந்தாரே? ஐந்து பேர் அல்லவா?

இதைக் கேட்டவர்கள் மிகச் சிலர், எல்லோரும் இரண்டாவது முறை படித்தவர்கள். ஆறாம் அத்தியாயத்தில் வார்டன் கால்வலி என்று திண்ணையில் வந்து உட்காருவது உண்மை. அவர் எழுந்து போனதாக நான் எழுதவில்லை.

ஆனால் இப்போது சொன்ன அரிசிக் கணக்குக்குத் திரும்புங்கள். திண்ணையில் இருப்பவரை அளவில் சேர்க்கக்கூடாது என்பது பாட்டியின் விதி. வழிப்போக்கர், தபால்காரர், கடன் கேட்க வந்தவர் யாராக இருந்தாலும் நிலைப்படி தாண்டினால்தான் வீட்டு ஆள். சிறுமி அந்த விதிப்படி எண்ணுகிறாள். ஏழாம் அத்தியாயத்தில் வார்டன் வெளியே, ஆகவே நான்கு. எட்டாம் அத்தியாயத்தில் அவர் உள்ளே வந்துவிட்டார், மாமா வெளியே போய்விட்டார், ஆகவே மறுபடியும் நான்கு.

இந்தப் பதிலோடு சிலர் விடுவதில்லை. சைரன் ஊதுவதற்கு முன்பே மாமா வாசல் கதவைத் தாழிட்டாரே, வார்டன் எப்படி உள்ளே வந்தார் என்று கேட்கிறார்கள். மாமா போனது கொல்லைப்புறம் வழியாக. வாசல் தாழ்ப்பாளை இருட்டில் திறந்தது வேறு ஒருவர். யார் என்பதைக் கடைசி அத்தியாயத்தில் பாட்டி ஒரு பாதி வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போகிறாள். கீரை ஆய்ந்துகொண்டே சொல்வாள், அந்தப் பத்தியைத் தாண்டிவிடாதீர்கள்.